சோளகத்தை மறித்த தகரம்

கணேசு மாஸ்டர் தொலைபேசியில் முதலில் டென்மார்க்கின் குளிரை விசாரித்தார். பிறகு என் சீனி வருத்தத்தை. பிறகு அங்கே பலாப்பழம் கிடைக்குமா என்று கேட்டார். எங்கள் ஆட்கள் பலாப்பழம் வரைக்கும் சுற்றிப் போகிறார்களென்றால் சொல்ல வந்தது நல்ல விஷயம் இல்லை.

"தம்பி, உங்கட அக்கா ஒரு தகரவேலி போட்டிருக்கிறா" என்றார் கடைசியில்.

இவ்வளவுதானா என்று சிரித்தேன். மாஸ்டர் சிரிக்கவில்லை.

அக்கா இருப்பது நெடுங்கேணிக்கு அப்பால் காட்டோரத்தில், ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து கட்டிய குடியிருப்பில். மாஸ்டரின் குடும்பம் அதில் ஒன்று. ஆளுக்கொரு சின்ன வீடு. எல்லோருக்குமாக ஒரு பெரிய குசினி, ஒரு சாப்பாட்டு மண்டபம், ஒரு கிணறு, நடுவில் ஒரு முற்றம். மின்விசிறி இல்லாமலே வீடுகள் குளிர்ந்திருக்க வேண்டும் என்று, வெயிலின் போக்கையும் காற்றின் போக்கையும் பார்த்து வவுனியாப் பெண்ணொருத்தி வரைந்து கொடுத்த திட்டம். அதில் தென்மேற்கு மூலையில் வேண்டுமென்றே ஓர் இடைவெளி விடப்பட்டிருக்கிறது. வைகாசியிலிருந்து வீசும் சோளகக் காற்று அந்த வழியாக முற்றத்துக்குள் நுழைந்துதான் ஒவ்வொரு வீட்டுக்கும் போகும். அந்த மூலை வீடு அக்காவுடையது. அவர் அந்த இடைவெளியைத் தகரத்தால் அடைத்துவிட்டார். ஏனென்று ஒருவருக்கும் தெரியாதாம்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு முன் தகரத்தைக் கழற்றாவிட்டால் அக்காவிடம் வீட்டைத் திருப்பிக் கேட்பார்கள். மாஸ்டர் சுற்றி வளைத்துச் சொன்னதன் சாரம் அதுதான். கடற்தொழில் செய்த அத்தான் இறந்தபிறகு நெளுக்குளத்தில் யார் யாருடைய வீட்டிலோ ஓர் அறையில் இருந்தவர் அக்கா. தனக்கென்று ஒரு கதவும் அதற்கொரு பூட்டும் திறப்பும் அவருக்குக் கிடைத்தது இங்கேதான்.

"நீங்கள் ஒருக்கா வந்து கதைச்சால் நல்லது. உங்கட சொல்லுக் கேப்பா" என்றார் மாஸ்டர்.

அக்கா என் சொல்லைக் கேட்டதாக வரலாறு கிடையாது. நான் ஓர்ஹூஸ் நகரத்தில் பஸ் ஓட்டுகிறவன். பஸ்ஸுக்குள் இரண்டு பேர் குரலை உயர்த்தினாலே கண்ணாடியில் பார்க்காமல் வீதியை மட்டும் பார்த்து ஓட்டுகிற வீரன். என்னைத்தான் சமாதானத் தூதுவனாகக் கூப்பிடுகிறார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து என் நாடியை நானே பிடித்துப் பார்த்தேன்.

விமானத்தால் இறங்கி வவுனியாவுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு சிங்களப் பெண்கள். மருமகள் புதுவீட்டுக்குக் கூரையை உயரமாக வைத்துவிட்டாள் என்பது ஒருத்தியின் குறை. என் அரைகுறைச் சிங்களத்துக்கு எட்டியவரை, "அவ்வளவு உயரத்தில் யார் ஒட்டடை அடிப்பது?" என்று அவள் கேட்டாள். "அடிக்காதே. நிமிர்ந்து பார்க்காதே" என்றாள் மற்றவள். குடும்பப் பிரச்சினையைத் தீர்க்கப் போகிறவனுக்கு இது நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

வவுனியாவில் ஒரு பிளேன்ரீ, இரண்டு உளுந்து வடை. டென்மார்க்கில் ஒரு வடையை நினைத்தால் மாவு ஊறப்போடுவதிலிருந்து தொடங்க வேண்டும். இங்கே கையை நீட்டினால் போதும். மூன்றாவதை நீட்டும்போது சீனி வருத்தம் நினைவுக்கு வந்தது. வடையில் சீனி இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முல்லைத்தீவு பஸ் ஓமந்தையில் காற்றுப் போய் நின்றது. இறங்கி, சக தொழிலாளி என்ற உரிமையில் டயரைக் குனிந்து பார்த்து இரண்டு வார்த்தை சொன்னேன். சாரதி என்னைப் பார்த்து, வெளிநாட்டில் என்ன வேலை என்று கேட்டார். பஸ் ஓட்டுகிறேன் என்றேன். "அப்ப உந்த ஜாக்கைப் பிடியுங்கோ" என்றார். பயணிகள் நிழலில் நின்று பார்க்க, நான் வெள்ளைச் சட்டையோடு வீதியில் முழந்தாளிட்டேன்.

அந்தப் பெருமிதத்தில்தான் நெடுங்கேணியில் வெறுங்கையோடு இறங்கிவிட்டேன். பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனபிறகுதான் சூட்கேஸ் நினைவு வந்தது. மருந்தெல்லாம் அதற்குள். சந்தியில் நின்றவர்களிடம் ஒவ்வொருவராக ஓடினேன். எல்லோரும் ஒரே பதிலைத்தான் வேறு வேறு நிதானத்தில் சொன்னார்கள்: அந்த பஸ் பின்னேரம் திரும்பி வரும்.

என்னைக் கூட்டிப்போக முத்தையா உழவு இயந்திரத்தோடு வந்திருந்தார். பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். இவர் இங்கேயே வயல் செய்கிறார். அக்காவுக்கு அடுத்த வீடு. பின்னால் இழுத்த பெட்டியில் நின்றபடி நான் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்க, அவர் திரும்பிப் பார்க்காமலே பேசினார். அக்கா தங்கமான மனுஷி என்றார். அவரைப் பற்றி ஒரு குறையும் இல்லை என்றார். மூன்றாவது முறை அதையே சொன்னபிறகு, "கோவிச்சுக்காதீங்கண்ணே. வீடு அடுப்பு மாதிரி ஆயிருச்சு. புள்ளைக்கு முதுகு பூரா வேர்க்குரு" என்றார். உழவு இயந்திரம் குலுக்கியதில் என் பதில் எங்கோ விழுந்துவிட்டது. எனக்கு அது வசதியாக இருந்தது.

அக்கா வாசலில் நின்றார். நான் கைகளை விரித்துக்கொண்டு போய்த் தாழ்வாரத்தில் நெற்றியை இடித்தேன்.

"குனிஞ்சு வா. அது வெயிலை மறிக்கக் கட்டினது. உன்ர உயரம் பாத்துக் கட்டேல்லை" என்றார். மூன்று வருடங்களுக்குப் பிறகு சந்திக்கும் தம்பிக்கு இதுதான் வரவேற்பு. பிறகு குரக்கன் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வந்தன. நெற்றி வலி மறந்தது.

பின்னேரம் முத்தையா சூட்கேஸைக் கொண்டுவந்து இறக்கினார். முல்லைத்தீவிலிருந்து திரும்பும்போது அதன்மேல் யாரோ கருவாட்டுச் சாக்கு வைத்திருக்கிறார்கள். கடல் முழுக்க அதற்குள் காய்ந்து கிடப்பது போல ஒரு வாசனை. வெளியே காற்றாட வைக்கலாம் என்று தூக்கினேன். அக்கா பாய்ந்து வந்து அதைப் பறித்து உள்ளே கொண்டுபோய், ஜன்னலைச் சாத்தினார். எனக்கு அப்போது எதுவும் விளங்கவில்லை.

வியாழன் விடிந்து வெயில் ஏறும் நேரம், தலைமாட்டில் ஒரு வெடி. அடுத்தாற்போல் இன்னொன்று. இந்த மண்ணில் அந்தச் சத்தத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை உடம்பு மறக்கவில்லை; மூளை எழும்புமுன் நான் கட்டிலுக்குக் கீழே இருந்தேன். அங்கே வீடு கூட்டுகிற தும்புத்தடியும் நானும். அக்காவின் கால்கள் வந்து நின்றன.

"தகரம் சூடேறுது. வெளியில வா, தேத்தண்ணி ஆறுது."

தேத்தண்ணி குடித்தபடி தகரத்தைப் பற்றிக் கேட்டேன். அது நல்ல தகரம் என்றார். ஏன் போட்டாய் என்றேன். கோழிக்குத் தீன் வைக்க வேண்டுமென்று எழுந்து போய்விட்டார். அந்த வீட்டில் கோழி இல்லை.

மாஸ்டர் என்னைக் குடியிருப்பைச் சுற்றிக் காட்டினார். ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். சுவரைக் காட்டும்போதும் கரும்பலகையைக் காட்டுகிற கை. வீடுகள் எல்லாம் கிழக்கு மேற்காக நீண்டு படுத்திருந்தன. காலை வெயிலும் மாலை வெயிலும் சரிந்து வந்து அடிப்பவை என்பதால் அந்தப் பக்கத்துச் சுவர்கள் குறுகலாய், ஜன்னல் இல்லாமல். மேற்குச் சுவரில் பீர்க்கங்கொடி. உச்சி வெயிலை இரட்டை ஓடு வாங்கிக்கொள்ளும். ஆனி ஆடியில் சூரியன் வடக்குப் பக்கமாகவும் எட்டிப் பார்க்கும் என்பதால் இரண்டு பக்கமும் நீண்ட தாழ்வாரம். தெற்குச் சுவரின் மேற்கு முனையில் தாழ்வாக ஒரு ஜன்னல், எதிர்ச் சுவரில் உயரமாக ஒரு துவாரம்: குளிர்ந்த காற்று கீழால் வரும், சூடு மேலால் போகும்.

டென்மார்க்கில் எங்கள் தெருமுனையிலும் இப்படி ஒரு கூட்டுக் குடியிருப்பு உண்டு. அங்கே தெற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கிடைக்கிற வெயிலைப் பிடித்து உள்ளே பூட்டி, தடித்த தரைக்கு ஊட்டி, இரவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வாங்குவார்கள். இங்கே வெயிலுக்கு வாசலிலேயே வணக்கம் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஒரே படிப்பு, எதிரெதிர்ப் பரீட்சை.

படிப்பெல்லாம் சரி. முற்றத்தில் ஓர் இலை அசையவில்லை. முத்தையாவின் மனைவி குழந்தையின் முதுகில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் மேசை விசிறியே வந்துவிட்டது. என்னைக் கண்டதும் அதன்மேல் ஒரு சேலையைப் போட்டு மூடினார்கள். மாஸ்டர் அதைப் பார்க்காத மாதிரி வானத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அக்காவின் தகரம் வெயிலில் பளபளத்தது.

யாராவது அவரிடம் நேராகக் கேட்டீர்களா என்று விசாரித்தேன். கூட்டத்தில் பலமுறை பேசியாயிற்று என்றார் மாஸ்டர். ஆனால் யாருடைய பெயரையும் சொல்லுவதில்லை. சண்டை வரக்கூடாது என்று அவர்களே வைத்த விதி. ஆகவே "ஒரு மூலையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது" என்று யாராவது தொடங்குவார்கள். "மூலைகள் முக்கியம்" என்று இன்னொருவர் சொல்லுவார். அக்காவும் இருந்து தலையாட்டுவாராம்.

வெள்ளிக்கிழமை பெரும்பாலான வீடுகளில் விரதம். மத்தியானம் மண்டபத்தில் எல்லோரும் சேர்ந்து மரக்கறிச் சோறு சாப்பிடுவார்கள். நான் கிளம்பினேன், அக்கா வரவில்லை. பாதி வழியில் மருந்தை எடுக்கத் திரும்பினேன். கதவு உள்ளே பூட்டியிருந்தது. தட்டினால் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு ஒரு கண் தெரிந்தது. "நீயோ? கெதியா உள்ளுக்கு வா."

உள்ளே ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. மேல் துவாரத்தில் சாக்கு அடைத்திருந்தது. கதவின் அடியில் பழைய சேலை. கள்ளச் சாராயம், கசிப்புக் காய்ச்சுகிறார் என்று முதலில் பதறினேன். அடுத்த விமானம் எப்போது என்றுகூட யோசித்துவிட்டேன். ஆனால் அடுப்பில் இருந்தது தாச்சி. அதில் பொரிந்துகொண்டிருந்தது கட்டாக் கருவாடு. வெக்கையில் அக்காவின் முகம் கழுவினாற்போல் இருந்தது.

கருவாட்டுக்கா இத்தனை காவல் என்று கேட்டேன். அவர் ஒரு துண்டை எடுத்துத் தனிக் கோப்பையில் வைத்து மூடினார்.

"கடலால வந்தால் அத்தான் வெள்ளியெண்டும் பாக்கமாட்டார், செவ்வாயெண்டும் பாக்கமாட்டார். அவர் போனது ஒரு வெள்ளிக்கிழமை. அண்டைக்கும் பொரிச்சு வைச்சிட்டுத்தான் இருந்தனான்" என்றார். மற்றத் துண்டுகளைத் திருப்பிப் போட்டார். "அதுக்குப் பிறகு ஒரு வெள்ளியும் நான் விடேல்லை."

வெளியே தகரம் ஒருமுறை வெடித்தது. நான் அசையவில்லை. எனக்கே ஆச்சரியம்.

வைகாசியில் ஒரு வெள்ளி, சோளகம் தொடங்கின புதிதில், இந்த மணம் நேரே மண்டபத்துக்குப் போய்விட்டதாம். எல்லோரும் இலைக்கு முன்னால் இருந்த நேரம். ஆரோ எங்கட விரதத்தை முறிக்கப் பார்க்கினம் என்று மாஸ்டர் சொல்ல, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அக்காவும் அங்கே இருந்தார். கருவாட்டை ஆறவைத்துவிட்டுப் பரிமாற உதவப் போனவர். அடுத்த கிழமை தகரம் வந்தது.

காற்றை மறித்தால் எல்லோரும் வெந்து போவார்களே என்றேன்.

"வேர்த்தால் துடைக்கலாம். என்னால அவையின்ர விரதம் கெடக்கூடாது."

"இதை அவையளிட்டச் சொல்லியிருக்கலாமே அக்கா."

"என்னெண்டு சொல்லுறது? செத்த மனுசனுக்குக் கருவாடு பொரிக்கிறன் எண்டோ?" என்றவர், கரண்டியை என் பக்கம் நீட்டினார். "நீயும் சொல்லாதை. கூட்டத்தில அத்தானை இழுத்தாயெண்டால் இந்த வாசலுக்கு வராதை."

சனிக்கிழமை காலை முழுக்க, பீர்க்கங்கொடிக்குப் பின்னால் நின்று சொற்பொழிவு தயாரித்தேன். சகிப்புத்தன்மை, வெப்பமானி, டேனிஷ்காரர்களின் சமரச முறை எல்லாம் அதில் இருந்தன. அத்தானும் கருவாடும் இல்லை. கூட்டம் மண்டபத்தில் பாய் விரித்து நடந்தது. நான் எழும்பியதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திரும்ப உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் மாஸ்டர், ஒரு மூலையில் ஒரு மாற்றம் பற்றி இன்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்று ஆரம்பித்தார். அந்த வீட்டாருக்கு இங்கே இருக்க விருப்பமில்லையென்றால் மற்றவர்கள் வற்புறுத்த முடியாது என்றார். யாரும் அக்காவைப் பார்க்கவில்லை. அக்கா பாயின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"கருவாடு" என்றேன்.

சொற்பொழிவில் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். எல்லோரும் திரும்பினார்கள். அக்காவின் பார்வை என் காதில் சுட்டது. விழுந்தது விழுந்துவிட்டது என்று மீதியையும் கொட்டினேன்: செல்வராணி அக்கா வெள்ளிக்கிழமையும் கருவாடு பொரிப்பார், மணம் உங்கள் இலைக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் தகரம், வேறொன்றும் இல்லை. பெயர் சொல்லக்கூடாது என்ற விதி அந்த இடத்தில் செத்தது.

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நான் மணத்தைக் குறையாச் சொல்லேல்லை. எனக்கு வாயூறிப்போச்சு. அதைத்தான் அப்பிடிச் சொன்னனான்."

யாரோ சிரித்தார்கள், பிறகு அடக்கிக்கொண்டார்கள். தகரத்தைக் கழற்றினால் மணம் மறுபடி வரும், கழற்றாவிட்டால் காற்று வராது என்று முத்தையா மெதுவாகச் சொன்னார். வெள்ளியில் பொரிப்பதை விட்டால் என்ன என்று ஒரு குரல் கேட்டது. அக்கா எழும்பிவிட்டார். அவ்வளவுதான், வீடு போயிற்று என்று நினைத்தேன்.

அப்போதுதான் றஹீமா பேசினார். முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து, பல ஊர் சுற்றித் திரும்பி வந்த குடும்பம். அவர் வீடு வடகிழக்கு மூலையில், அக்காவின் வீட்டுக்கு நேர் எதிரே. அதற்கப்பால் வெறும் வயல்தான். சோளகம் அந்த வழியாகத்தான் வெளியேறும்.

"ராணியக்கா, வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஜும்ஆ தொழுகை. நல்ல சாப்பாடு வைக்கிற நாள். உங்கட கருவாட்டை என்ர அடுப்பில வந்து பொரியுங்கோவன். மணம் வயலுக்குத்தானே போகும்."

"நான் ஒருத்தற்ற குசினியிலயும் போய்ச் சமைக்கமாட்டன்" என்றார் அக்கா. பல வருடம் மற்றவர்கள் வீட்டு அடுப்படியில் முறை பார்த்து நின்றவரின் பேச்சு அது. இதற்கு மேல் கெஞ்ச முடியாது என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்தது.

றஹீமா அவசரப்படவில்லை. "உங்களைச் சமைக்கக் கூப்பிடேல்லை அக்கா. நான் பொரிச்சால் கருவாடு கருகிப்போகுது. என்ன பிழை விடுறனெண்டு தெரியேல்லை. ஒருக்கா வந்து காட்டித் தாங்கோ."

கலியாண வீடுகளுக்கு, பலர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய சகன் தட்டில் சோறு சமைத்துக் கொடுப்பவர் றஹீமா. அவர் கையில் ஒரு வெங்காயம்கூடக் கருகியதில்லை என்பது அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும். மாஸ்டர் மறுபடி கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

அக்கா றஹீமாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பாயில் உட்கார்ந்தார்.

"நெருப்பைக் குறைச்சு வைக்கவேணும்" என்றார். "எண்ணெய் புகைய விடக்கூடாது."

ஞாயிறு காலை நான் சுத்தியலோடு போனேன். என் கையிலிருந்து அதை வாங்கி, ஆணிகளை அவரே பிடுங்கினார். கடைசித் தகரத்தை முத்தையாவும் நானும் தூக்கிய கணம், காற்று எங்கள் இருவரையும் தகரத்தோடு சேர்த்து முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனது. கதவுகள் வரிசையாக அடித்துச் சாத்திக்கொண்டன. மாஸ்டரின் சாரத்தை அவர் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. முத்தையாவின் மனைவி குழந்தையைத் தூக்கிவந்து, அதன் முதுகைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு நின்றார். டென்மார்க்கில் காற்றுக்குப் பயந்து மூன்று கண்ணாடி வைத்த ஜன்னல் போட்டவன் நான். அந்த முற்றத்தில் நின்று காற்றை வாய்க்குள் வாங்கினேன்.

அடுத்த வெள்ளி வரை தங்கினேன். நம்பிக்கை இல்லாததால்தான். மத்தியானத்துக்கு முன் அக்கா ஒரு பொட்டலத்தோடு முற்றத்தைக் கடந்து போனார். மண்டபத்தில் பருப்பும் பூசணிக்காயும் சாம்பிராணியும்தான் மணத்தன. சாப்பாட்டுக்கு நடுவில் மாஸ்டர், வயலில் மாடு இறங்கியிருக்கிறதா பார்க்க வேண்டும் என்று எழுந்து வடகிழக்குப் பக்கம் போனார். வயலில் அறுவடை முடிந்து வெகுநாள். மாடு இறங்கினாலும் நட்டமில்லை.

அக்கா வீட்டுக்குத் திரும்பி வர நெடுநேரம் ஆயிற்று. ஒரு மூடிய கோப்பையைக் கொண்டுவந்து அத்தானுக்கு வைக்கிற இடத்தில் வைத்தார்.

"றஹீமாவுக்குச் சொல்லிப்போட்டன்" என்றார். "ஆருக்குப் பொரிக்கிறன் எண்டு."

"என்ன சொன்னவா?"

"இன்னும் ரெண்டு துண்டு போடச் சொன்னாள்."

மறுநாள் நெடுங்கேணிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றோம். இனி யாராவது ஏதாவது சொன்னால் உடனே தகரம் தூக்காமல் எனக்கு ஒரு போன் அடி, வந்து கதைக்கிறேன் என்று, வென்று வந்த தளபதி மாதிரிச் சொன்னேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ கதைச்சது ஒரு சொல்லு. அதுவும் கருவாடு" என்றார். பஸ் வந்து நின்றது. நான் ஏறிய பிறகு ஜன்னலுக்குக் கீழே வந்தார். "இனி ஆரும் கூப்பிட்டு வராதை. சும்மா வா. எனக்கு வீடு இருக்கு."